எப்போதிலிருந்து, எவ்வளவு காலமாக: ஆங்கிலக் காலச் சொற்களும் நம் மக்தபும்



பெரம்பலூர் மாவட்டத்தின் லெப்பைக்குடிக்காடு, வ.களத்தூர் முதலிய ஊர்களில் வளைகுடாவோடு தொடர்பே இல்லாத முஸ்லிம் குடும்பத்தைக் காண்பது எளிதன்று. அவ்வாறு சென்ற இளைஞர் ஒருவர், அங்கே ஒரு நிறுவனத்தில் கணக்கராகப் பணிபுரிந்துகொண்டே, சற்றுக் கூடுதல் சம்பளம் தரும் வேறொரு நிறுவனத்துக்கு விண்ணப்பம் அனுப்பினார். "நான்கு ஆண்டுகளாக இங்கே வேலை செய்கிறேன்" என்பதே அவர் சொல்ல நினைத்தது. அவர் எழுதியதோ, "ஐ வொர்க்ட் ஹியர் ஃபார் ஃபோர் இயர்ஸ்." படித்தவர்கள் என்ன விளங்கிக்கொண்டார்கள் தெரியுமா? நான்கு ஆண்டுகள் வேலை செய்தார், இப்போது அங்கே இல்லை என்று.

தொலைபேசியில் கேட்டார்கள்: எப்போது வேலையை விட்டீர்கள்? இவர் பதறிப்போய், விடவே இல்லை என்பதை விளக்க, "பிஃபோர் ஃபோர் இயர்ஸ் ஐ ஆம் வொர்க்கிங் ஹியர்" என்றார். அது இன்னும் குழப்பிற்று. எழுத்தில் ஒன்று, வாய்மொழியில் ஒன்று என்று முடிவுசெய்து விண்ணப்பத்தை ஒதுக்கிவிட்டார்கள். விடுப்பில் ஊர் வந்திருந்தபோது ஜும்ஆவுக்குப் பின் என்னிடம் சொன்னார்: "ஹஜ்ரத், நான் ஒரு பொய்யும் சொல்லலை. ஆனா பொய் சொன்ன ஆளா ஆக்கிட்டாங்க."

வேலை போனதைவிட அந்தச் சொல்தான் அவரை வருத்தியது. என்னையும் அதுவே யோசிக்க வைத்தது. நடந்ததை நடந்தபடி சொல்வதை வாழ்நாள் முழுவதும் வலியுறுத்துகிற மார்க்கம் நம்முடையது. உண்மை பேசும் ஒருவர், ஒரு காலச் சொல்லை இடம் மாற்றி வைத்ததால் பொய்யராகத் தோன்ற நேர்கிறது என்றால், அந்தச் சொல்லைக் கற்பதைப் பள்ளிக்கூடப் பாடம் என்று ஒதுக்கிவிட முடியவில்லை. எனவே நம் மக்தபில் மஃரிபுக்குப் பின் ஓதல் முடிந்ததும், பெரிய பிள்ளைகளுக்குக் கால் மணி நேரம் ஆங்கிலக் காலச் சொற்களைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். "ஓதத்தானே அனுப்பினோம், இங்கிலீஷ் எதற்கு?" என்று கேட்ட பெற்றோரும் உண்டு. அவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். இப்பிழைகள் அறியாமையால் வருபவை அல்ல. நம் பிள்ளைகள் அறிந்த இரண்டு மொழிகளும் ஒரே பக்கம் இழுப்பதால் வருபவை. "நான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன்" என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்கிறோம். அரபியிலும் "முன்ஃது" என்ற சொல்லைச் சேர்த்து அப்படியே நிகழ்கால வினையில் சொல்லிவிடலாம். ஆங்கிலம் மட்டும் தனி வழியில் செல்கிறது. தொடங்கியது கடந்த காலத்தில், தொடர்வது இப்போதும் என்றால், அதற்கு "ஹேவ்" வேண்டும்: "ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் ஃபார் ஃபோர் இயர்ஸ்."

பிள்ளைகளுக்கு நான் இப்படிச் சொல்வதுண்டு. "ஹேவ்" என்றால் கையில் இருக்கிறது என்று பொருள். அந்த நான்கு ஆண்டு வேலை இன்னும் உன் கையில் இருக்கிறதா? இருந்தால் "ஹேவ்" போடு. கையை விட்டுப் போய்விட்டதா? அப்படியானால் "வொர்க்ட்" மட்டும் போதும். இலக்கண ஆசிரியர்கள் இதை ஏற்பார்களோ மாட்டார்களோ, பிள்ளைகள் மறப்பதில்லை. இதே காரணத்தால்தான் "எஸ்டர்டே" வந்தால் "ஹேவ்" வரக்கூடாது. நேற்று என்பது சாத்தப்பட்ட கதவு. "ஐ ஹேவ் சென்ட் இட் எஸ்டர்டே" என்று நம்மில் பலர் அலுவலகங்களுக்கு எழுதுகிறோம். "ஐ சென்ட் இட் எஸ்டர்டே" என்பதே சரி.

அடுத்தது "சின்ஸ்", "ஃபார்" என்ற இரட்டையர். "சின்ஸ் ஃபோர் இயர்ஸ்" என்று எழுதாத விண்ணப்பத்தை நம் பகுதியில் நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். இங்கேதான் மதரஸா மாணவருக்கு மற்றவருக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. நம் மதரஸாக்களில் ஓதப்படும் ஹிதாயத்துந் நஹ்வு என்ற இலக்கண நூலில் "முஃது", "முன்ஃது" ஆகிய இரு சொற்களுக்கும் ஒரு விதி சொல்லப்பட்டிருக்கிறது. "மதா", அதாவது எப்போது, என்ற கேள்விக்கு விடையாக அமைந்தால் அச்சொல் காலத்தின் தொடக்கத்தைக் குறிக்கும். "கம்", அதாவது எவ்வளவு, என்ற கேள்விக்கு விடையாக அமைந்தால் காலத்தின் முழு அளவையும் குறிக்கும். வெள்ளிக்கிழமையிலிருந்து அவரைப் பார்க்கவில்லை என்பது முதல் வகை. இரண்டு நாட்களாகப் பார்க்கவில்லை என்பது இரண்டாம் வகை.

ஆங்கிலம் கேட்பதும் இதைத்தான். அரபியில் ஒரே சொல் இரண்டு வேலையையும் செய்கிறது, ஆங்கிலத்தில் வேலைக்கு ஒரு சொல். "மதா"வுக்கு விடை என்றால் "சின்ஸ்": சின்ஸ் ஃப்ரைடே, சின்ஸ் 2019. "கம்"முக்கு விடை என்றால் "ஃபார்": ஃபார் டூ டேஸ், ஃபார் ஃபோர் இயர்ஸ். நஹ்வு ஓதிய ஒரு மாணவனிடம் இதைச் சொன்னதும், "இது நமக்கு முன்னாடியே தெரிஞ்சதுதானே ஹஜ்ரத்" என்றான். தெரிந்ததுதான். தெரிந்ததை எடுத்துப் பயன்படுத்துவதற்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவே.

"கம்" என்ற கேள்வியைச் சிறு பிள்ளைகள்கூட அறிவார்கள். வெள்ளிக்கிழமைதோறும் நாம் ஓதும் சூரத்துல் கஹ்ஃபில், குகையில் விழித்தெழுந்த இளைஞர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு காலம் தங்கினோம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். ஒரு நாள், அல்லது நாளின் ஒரு பகுதி என்பது அவர்கள் அறிந்த விடை. அவர்கள் தங்கியதோ முந்நூறு ஆண்டுகள், மேலும் ஒன்பது. சூரிய ஆண்டுக் கணக்கில் 300 என்பது சந்திர ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 309 ஆகும் என்று விரிவுரையாளர்கள் சிலர் விளக்கியிருக்கிறார்கள். "தே ஸ்லெப்ட் ஃபார் 309 இயர்ஸ்" என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொல்லும்போது "ஃபார்" அவர்கள் மனத்தில் தங்கிவிடுகிறது. விழித்துவிட்டார்கள் அல்லவா, ஆகவே இங்கே "ஹேவ்" இல்லை என்பதையும் அவர்களே கண்டுபிடித்தார்கள்.

"சின்ஸ்" கற்பிக்க நான் ஊரை எடுத்துக்கொள்கிறேன். பெரம்பலூர் 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. இன்றும் மாவட்டமாகவே இருக்கிறது. எனவே "பெரம்பலூர் ஹேஸ் பீன் எ டிஸ்ட்ரிக்ட் சின்ஸ் 1995." அரியலூரின் கதை வேறு. 2001இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்தது, 2002இல் மீண்டும் அதனோடு இணைக்கப்பட்டது, 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. ஆகவே அரியலூர்ப் பிள்ளை "சின்ஸ் 2001" என்று எழுதினால் அது வரலாற்றுப் பிழை. இடையே ஐந்தாண்டுகளுக்கும் மேல் அது மாவட்டமாக இல்லை. "சின்ஸ்" என்ற சொல் இடையில் விடுபடாத தொடர்ச்சியைக் கேட்கிறது. "அகெய்ன் சின்ஸ் 2007" என்பதே உண்மை. ஒரு நிறுவனத்தில் இரண்டாண்டு வேலைசெய்து, ஊர் வந்து ஓராண்டு இருந்து, அதே நிறுவனத்துக்குத் திரும்பியவர்களும் இதே கணக்கைப் பார்த்துத்தான் எழுதவேண்டும். முதல் முறை சேர்ந்த ஆண்டைப் போட்டு "சின்ஸ்" என்றால் அனுபவச் சான்றிதழோடு அது ஒத்துப்போகாது.

இனி "முன்". தமிழில் இந்த ஒரு சொல்லே எல்லாவற்றுக்கும் போதும். நான்கு ஆண்டுகளுக்கு முன் என்கிறோம், பெருநாளுக்கு முன் என்கிறோம். அரபியின் "கப்ல"வும் இப்படித்தான் இரண்டு இடத்திலும் வரும். ஆங்கிலம் இதையும் இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு நிகழ்ச்சிக்கு முன் என்றால் "பிஃபோர்". இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணினால் "எகோ", அதுவும் எண்ணுக்குப் பின்னால்தான் வரும்: ஃபோர் இயர்ஸ் எகோ. "பிஃபோர் ஃபோர் இயர்ஸ்" என்பது நம் மாநிலமெங்கும் கேட்கும் ஆங்கிலம். தமிழறியாதவர் காதில் அது எதற்கு முன் என்று விளங்குவதில்லை.

பெரம்பலூரில் ரயில் நிலையம் கிடையாது, ரயிலேற அரியலூர்தான் போகவேண்டும். ஆகவே ரயில் பற்றிய உதாரணம் என்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் 1956 நவம்பர் 23 அன்று, வெள்ளப்பெருக்கில் தூத்துக்குடி விரைவு ரயில் விபத்துக்குள்ளாகி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அன்றைய ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி அதற்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அந்த விபத்துக்கு முன் பிறந்தவர் என்று ஒரு முதியவரைச் சொன்னால் "பிஃபோர் தி ஆக்ஸிடெண்ட்". எழுபது ஆண்டுகளுக்கு முன் பிறந்தார் என்றால் "செவன்ட்டி இயர்ஸ் எகோ". வாரணவாசி அருங்காட்சியகத்தில் கல்லாய்ப் போன கடற்சிப்பிகளைப் பார்த்துவந்த ஒரு சிறுவன், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் என்பதற்கும் "எகோ"தானா என்று கேட்டான். ஆம், அதற்கும் அதேதான்.

மொழிக்குள் அடங்காத ஒரு சிக்கலும் இருக்கிறது.  நமக்கு நாள் மஃரிபில் தொடங்குகிறது. வெள்ளி இரவு என்று நாம் சொன்னால் வியாழன் மாலை மறைந்தபின் வரும் இரவு. ஆங்கிலத்தில் "ஃப்ரைடே நைட்" என்றால் வெள்ளிப் பகல் முடிந்த இரவு. ஒரு முழு நாள் வித்தியாசம். சென்னையில் பணிபுரியும் நம்மூர்ப் பிள்ளை ஒருவர் ரமலானின் இருபத்தேழாம் இரவுக்காக அலுவலகத்தில் விடுப்புக் கேட்டு, "ட்வென்ட்டி செவன்த் நைட் ஆஃப் ரமலான்" என்று எழுதினார். மேலாளர் நல்லவர். கைப்பேசி நாட்காட்டியில் ரமலான் 27 எந்தத் தேதி என்று தாமே தேடிப்பார்த்து அன்றைய மாலைக்கு விடுப்புத் தந்தார். அதற்கு முந்தைய மாலையில் அல்லவா அந்த இரவு தொடங்குகிறது! அலுவலகத்துக்கு எழுதும்போது ஆங்கிலத் தேதியும் கிழமையும் மணியும் போட்டுவிடுவது நலம். திருமண, வலீமா அழைப்பிதழை ஆங்கிலத்தில் அச்சிடுவோரும் இதைக் கவனிக்கவேண்டும்.

"டுடே மார்னிங்", "எஸ்டர்டே நைட்" போன்றவற்றைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. "திஸ் மார்னிங்", "லாஸ்ட் நைட்" என்பவையே வழக்கு. ஆனால் அந்தப் பிழையால் யாருக்கும் பொருள் மாறிவிடாது, யாருக்கும் இழப்பும் இல்லை.

தமிழே கைகொடுக்கும் இடமும் உண்டு. "பை", "அண்டில்" என்ற இரண்டையும் நம்மவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள். தமிழில் இது மிகத் தெளிவாக இருக்கிறது. பத்தாம் தேதிக்குள் என்றால் "பை", பத்தாம் தேதி வரை என்றால் "அண்டில்". இகாமா புதுப்பிக்க ஆவணங்களைப் பத்தாம் தேதிக்குள் அனுப்பு என்று வந்த மின்னஞ்சலை, பத்தாம் தேதி வாக்கில் அனுப்பினால் போதும் என்று படித்து அபராதம் கட்டிய ஒருவரை அறிவேன். தவணையைத் தெளிவாகச் சொல்வது நமக்குப் புதிதன்று. குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகராவின் 282ஆம் வசனம், குறிப்பிட்ட தவணைக்குக் கடன் கொடுத்து வாங்கினால் அதை எழுதிவைக்கச் சொல்கிறது. கடனுக்கு விற்கும்போது அறுவடை வரை என்று தவணை வைப்பதை ஹனஃபி, ஷாஃபிஈ சட்ட நூல்கள் ஏற்பதில்லை. அறுவடை முந்தலாம், பிந்தலாம். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விளையும் நம் மாவட்டத்தில் "வெங்காயம் எடுத்ததும் தந்துடுறேன்" என்பதைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்தச் சட்டத்தின் அருமை புரியும்.

சொல் நிற்கும் இடமும் முக்கியம். "நான் நேற்று கடிதம் அனுப்பினேன்" என்ற தமிழ் வரிசையிலேயே "ஐ எஸ்டர்டே சென்ட் தி லெட்டர்" என்று எழுதுகிறார்கள். எஸ்டர்டே, டுமாரோ போன்றவை வாக்கியத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ நிற்கும். ஆல்வேஸ், ஆல்ரெடி, ஜஸ்ட் போன்றவை நடுவில் வினையை ஒட்டி நிற்கும். "டுமாரோ" வரும்போதெல்லாம் பிள்ளைகள் இன்ஷா அல்லாஹ்வைச் சேர்த்துக்கொள்வார்கள். அதே கஹ்ஃப் அத்தியாயத்தின் கட்டளை அது. நாளை சொல்கிறேன் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியபின் வஹீ சில நாட்கள் தாமதமானதைத் தஃப்ஸீர் நூல்கள் அவ்விடத்தில் குறிப்பிடுகின்றன. தரமாட்டேன் என்பதற்கு மரியாதையான மாற்றுச் சொல்லாக அதைப் பயன்படுத்தும் வியாபாரிகளைப் பற்றி வேறொரு சமயம் எழுதலாம்.

கடைசியாக "எட்". தமிழின் "இன்னும்" ஆங்கிலத்தில் இரண்டாகும். இன்னும் தொழுதுகொண்டிருக்கிறார் என்றால் "ஸ்டில்". இன்னும் தொழவில்லை என்றால் "நாட் எட்". இதற்கும் நஹ்வில் இணை இருக்கிறது. "லம்" என்பதும் "லம்மா" என்பதும் கடந்தகாலத்தை மறுக்கும் சொற்கள். "லம்" வெறுமனே நடக்கவில்லை என்கிறது. "லம்மா" இந்த நிமிடம் வரை நடக்கவில்லை, ஆனால் நடக்கும் என்று எதிர்பார்க்கப்படுகிறது என்கிறது. சூரத்துல் ஹுஜுராத்தின் 14ஆம் வசனத்தில் கிராமப்புற அரபிகளைப் பற்றி, ஈமான் அவர்களின் உள்ளங்களில் இன்னும் நுழையவில்லை என்று சொல்லப்படும் இடத்தில் வந்திருப்பது "லம்மா". பின்னர் அவர்கள் ஈமான் கொள்வார்கள் என்ற குறிப்பு அச்சொல்லில் இருப்பதை விரிவுரையாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள்.

இதை நடத்திய அன்று, ஆளுக்கொரு வாக்கியம் எழுதச் சொன்னேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி "மை ஃபாதர் டிட் நாட் கம்" என்று எழுதிவந்தாள். அவளுடைய அத்தா சவூதியில் இருக்கிறார். சென்ற பெருநாளுக்கும் வரவில்லை. இலக்கணப்படி அதில் பிழை இல்லை. "லம்மா, அல்லது லம், எதைச் சொல்ல வந்தாய்?" என்று மட்டும் கேட்டேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, அழிப்பானால் "டிட் நாட் கம்" என்பதை அழித்து "ஹேஸ் நாட் கம்" என்று மாற்றினாள். பிறகு "எட்" என்ற சொல்லை எங்கே வைப்பது என்று கேட்டாள். வாக்கியத்தின் கடைசியில் என்றேன். எழுதிக்கொண்டு போனாள்.